பரணில் இருக்கும் மெத்தை

மெத்தையம்மா என்ற பட்டப்பெயர் அவளுக்குச் சும்மா வரவில்லை. கல்நார்க் கூரைத்தகடு, அதாவது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், செய்யும் ஆலையில் அவள் புருஷன் கலவை போடுகிறவன். கல்நார் வந்து இறங்கிய சாக்குகள் காலியானதும், வேண்டியவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். தொழிலாளிக்கு ஆலை காட்டிய ஒரே தாராளம் அதுதான். கெட்டிச் சாக்கு, லேசில் கிழியாது. துவைத்தால் விறைத்துப்போகும், வாசலில் நின்று நாலு உதறு உதறினால் போதும் என்பது அவள் கண்டுபிடித்த தொழில் ரகசியம். உள்ளே கந்தல் துணி அடைப்பாள். சாக்கின் மூலையில் ஒட்டியிருக்கும் வெள்ளைப் பஞ்சை மட்டும் வீணாக்காமல் சுரண்டி எடுத்துத் தலைப்பக்கம் வைத்துத் தைப்பாள். மெத்துமெத்தென்று இருக்கும். தெருவில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் அவள் கையால் ஒரு மெத்தை போய்விடும். கைராசிக்காரி என்றார்கள். அவளும் பூரித்துப்போனாள், பாவி.

புருஷன் மூச்சுக்குத் திணறித் திணறிச் செத்தான். பீடி குடித்ததால் வந்த நோய் என்று ஆலை வைத்தியர் எழுதிக் கொடுத்தார். பீடியைக் கையால் தொட்டறியாத மனுஷன்! அன்றைக்கு வந்த ஆத்திரத்தில் மகள், பள்ளிக்கூட டீச்சர், பாதிக்கப்பட்டவர்களின் சங்கத்தில் சேர்ந்தாள். வருஷா வருஷம் ஆலை வாசலில் நின்று, செத்தவர்களின் பெயரை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். கல்நாரைத் தடை செய்யச் சொல்லி மனு மேல் மனு போடுவார்கள்.

பிறகு மகளுக்கே இருமல் வந்தது. படம் எடுத்துப் பார்த்த டாக்டர், "நீங்க எத்தனை வருஷம் அந்த ஆலைல வேலை செஞ்சீங்க?" என்று கேட்டார்.

"நான் அந்த கேட்டுக்குள்ள கால் வெச்சதே இல்ல, டாக்டர்."

பக்கத்தில் நின்ற மெத்தையம்மாவுக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை.

இரண்டு வருஷம் திறக்கவில்லை. மகள் சின்ன வயசில் படுத்த மெத்தை இன்னும் பரணில் கிடக்கிறது. வெளியே போட்டால் வேறு யாராவது பிரிப்பார்கள். கொளுத்தலாம் என்றால், அந்தப் பஞ்சு நெருப்புக்கும் அடங்காதது. அதன் கீழேதான் அவள் சமைத்தாள், மகளுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்பார்களே, அந்தப் பாடுதான்.

"அப்பா சட்டைல ஒட்டிட்டு வந்திருக்குமாம்மா?" என்று மகள் ஒருநாள் கேட்டாள்.

"அவரு அங்கயே குளிச்சு உடுப்பு மாத்திட்டுத்தானே வருவாரு" என்று சொல்லிவிட்டு, அவள் ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவினாள்.

கடைசியில் சங்கத்தின் மனுவை விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். பள்ளிக்கூட மண்டபத்தில் தெருவே கூடியிருந்தது. ஆலையின் வக்கீல் மகளைப் பார்த்துச் சிரித்தார். "தூசி எங்க சுவரைத் தாண்டுச்சுன்னு சொல்றீங்க. றெக்கை கட்டிப் பறந்துச்சா மேடம்? ஒரே ஒரு சாட்சி காட்டுங்க, போதும்."

மகள் பதில் சொல்ல வாயெடுத்தாள். இருமல்தான் வந்தது. அந்தச் சிரிப்பையும் இந்த இருமலையும் சேர்த்துத் தாங்க மெத்தையம்மாவால் முடியவில்லை. எழுந்து நின்றாள்.

"பறக்கல ஐயா. நான்தான் கொண்டுவந்தேன். ஆலை குடுத்த சாக்குல மெத்தை தெச்சு, இவளை அதுல படுக்கப் போட்டேன். பரண் மேல இருக்கு. வந்து பாருங்க."

சங்கத்துக்கு வேண்டிய சாட்சி கிடைத்துவிட்டது. மகள் திரும்பவே இல்லை. பேனாவைத் திறந்து, குனிந்தபடியே கேட்டாள்.

"எத்தனை வருஷம்மா?"

"அஞ்சு. அதுல போட்டாத்தான் நீ அழாம தூங்குவ."

மகள் எழுதிக்கொண்டாள். மெத்தையம்மா உட்காரப் போனாள். கடைசி வரிசையில் பிளம்பரின் மனைவி எழுந்தாள்.

"மெத்தையம்மா, என் பையனுக்கும் நீங்கதானே தெச்சுக் குடுத்தீங்க?"

உட்கார வழியில்லை.

"ஆமாம்மா. உனக்கு ஒத்தப் பிள்ளையாச்சேன்னு, தலைப்பக்கம் கொஞ்சம் அதிகமாவே வெச்சேன்."