மறியலுக்கு முந்தின நாள்

இருபத்து மூன்று வயதில் கள்ளக்குறிச்சி அச்சகமொன்றில் எழுத்துக் கோக்கும் வேலையில் இருந்தேன். முதலாளி இல்லாத நேரத்தில் எனக்கு நானே ஒரு விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டேன். பெயருக்குக் கீழே ‘மேனேஜர்’ என்று இருக்கும்.

நான் மேனேஜராக இருந்தது ஒரே ஒருத்திக்குத்தான். மலைமேல் கரியாலூருக்கு அப்பால் சாமை விதைக்கும் குடும்பத்துப் பெண். என்னைவிட இரண்டு வயது சின்னவள். ஒரு சுதந்திர தின ஓட்டப் பந்தயத்தில் ஆண்களோடு ஓடி மூன்றாவதாக வந்தாள். பெண்களுக்குப் பரிசு கிடையாது என்று வெறுங்கையோடு அனுப்பப் பார்த்தார்கள். மேடையேறிச் சண்டை போட்டு ஒரு எவர்சில்வர் குடம் வாங்கிக் கொடுத்தேன். அதிலிருந்து தொடங்கியது.

எங்கே பந்தயம் நடந்தாலும் மனு எழுதுவேன். அவள் அண்ணனிடம் அனுமதி கேட்பேன். பத்திரிகை நிருபரைப் பிடிப்பேன். போட்டோவுக்காக அவளைக் கேன்வாஸ் ஷூ போடவைத்தேன். அது காலைக் கடித்தது. போட்டோ எடுத்ததும் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு ஓடினாள். நிருபர்களின் கேள்விகளுக்கெல்லாம் நானே பதில் சொன்னேன். அவளிடம் கேட்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றியதில்லை.

இரண்டு வருஷம் கழித்துச் சென்னையிலிருந்து கடிதம் வந்தது. ஒரு நிறுவனம் ஓட்டக்காரிகளை வேலைக்கு எடுத்துத் தன் அணிக்காக ஓடவைக்கப் போகிறது. தேர்வுக்கு வரச் சொல்லியிருந்தது. இடஒதுக்கீடு கேட்டு எங்கள் சாதிக்காரர்கள் ஒரு வாரம் சாலை மறியல் அறிவித்திருந்தார்கள். தேர்வு அந்த வாரத்தின் இரண்டாம் நாள்.

மறியலுக்கு முந்தின நாள் மத்தியானமே அவள் துணிப்பையோடு அச்சகத்துக்கு வந்துவிட்டாள்.

“இன்னிக்கே போய்ட்லாங்கண்ணா. நாளைக்கு பஸ்ஸு ஓடாதுன்னு மலையிலயே பேசிக்கினு இருக்காங்க.”

“மறியல் பண்றது எங்க ஆளுங்கதான். நம்மள வுட்ருவாங்க. காத்தால போலாம். இன்னிக்கு எங்க அக்கா வூட்ல தங்கிக்க.”

அது பாதிதான் உண்மை. முதல் நாள் காலையில் ரோட்டில் என் முகம் தெரியாவிட்டால் சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்ற பயம் எனக்கு. கோரிக்கை நியாயமானது என்று நம்பினேன், இன்றும் நம்புகிறேன். ஆனால் அந்த ஒரு நாளை அவளிடமிருந்து பறித்தது நான்தான்.

விடிந்ததும் தியாகதுருகம் சாலையில் ஒரு புளியமரத்தைச் சாய்த்தார்கள். நானும் கயிறு பிடித்து இழுத்தேன். பிறகு போய் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தேன். சாலையில் ஒரு வண்டி இல்லை. கூட்டத்துக்கு முன்னால் நின்ற என் மாமா கடிதத்தை வாங்கிப் பார்த்தார்.

“நம்ம புள்ளைங்களுக்கே வேல இல்லன்னு ரோட்ல கெடக்கறோம். நீ இன்னாடா, மலைக்காரப் பொண்ணுக்கு வேல வாங்கித் தரப் போறியா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் கடிதத்தைத் திரும்ப வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

அவள் தாவணியை இழுத்துச் செருகினாள். “உளுந்தூர்பேட்டை வரைக்கும் ஓடிப் போய்ட்றேங்கண்ணா. அங்க எதுனா வண்டி கெடைக்கும்.”

“வாணாம். வழியில போலீஸு அடிக்குதாம். நான் லெட்டர் போட்டு வேற தேதி வாங்கறேன்.”

ஓடியிருப்பாள். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

மறியல் முடிந்ததும் கடிதம் போட்டேன், தந்தியும் அடித்தேன். ஆள் எடுத்து முடிந்தது என்று ஒரு வரியில் பதில் வந்தது. மலைக்குப் போய்ச் சொன்னபோது அவள் களை எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. “சரிங்க” என்றாள். ‘அண்ணா’ இல்லை. அடுத்த வருஷம் அவளுக்குக் கல்யாணமானது, எனக்குச் சொல்லவில்லை.

சில வருஷங்களில் நாங்கள் கேட்ட ஒதுக்கீடு வந்தது. அதில்தான் தாலுகா ஆபீசில் எனக்கு வேலை கிடைத்தது. ரொம்ப நாள் கழித்து, மகளுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க அவள் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மன்னிப்புக் கேட்க நினைத்தேன். வாயில் வந்தது வேறு.

“பொண்ணு ஓடுவாளா?”

“ஓடுவா. அவளுக்கு யாரும் வாணாங்க. அவளே பாத்துக்குவா.”

மனுவில் தாசில்தாரின் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.