மூச்சு முட்டியது யாருக்கு

செஞ்சி ஊரே சேர்ந்து, செல்வராணிக்கு வராத வியாதி ஒன்றை அவளுக்குக் கொடுத்துவிட்டது. வெளிநாட்டில் மலைமேல் போன இடத்தில் இவளுக்கு மூச்சு முட்டிவிட்டதாம். அதனால்தான் பெற்ற மகள் ஆயுளுக்கும் கன்னியாஸ்திரியாக இருப்பதாக நித்திய வார்த்தைப்பாடு கொடுத்த அன்று தாயும் தகப்பனும் கோயிலில் நிற்க முடியாமல் போனதாம். மீன் வாங்கப் போனால் கேட்கிறார்கள். பூசை முடிந்து செருப்பைத் தேடும்போது கேட்கிறார்கள். "இப்ப எப்டிக்கா இருக்குது மூச்சு?" கேட்கிற வாயில் சுடுகஞ்சியை ஊற்றலாம் போல அவளுக்கு ஆத்திரம் வரும். ஆனாலும் "பரவால்ல" என்று சொல்லிவிட்டு நடந்துவிடுவாள்.

இத்தனைக்கும் பொறுத்துப் போகிற ரகம் இல்லை அவள். அரசுப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். வண்டு விழுந்த பருப்பு வந்தால் மூட்டையோடு வண்டியைத் திருப்பி அனுப்புகிறவள். அவள் குரல் கேட்டால் லாரிக்காரர்களே பீடியை அணைப்பார்கள். அப்பேர்ப்பட்டவள் ஒரு வருஷமாக வாயை மூடிக்கொண்டிருந்தாள் என்றால் அதற்கு ஒரே ஆள்தான் காரணம், அவள் புருஷன் தோமினிக்.

தோமினிக் பி.டி. மாஸ்டர். ரிட்டயர் ஆன பிறகும் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றாத மனிதர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலைக்குக் கிளம்பிவிடுவார். வெயிலோ தூறலோ, உச்சிவரை ஏறி, அங்கே இடுப்பில் கைவைத்து நின்று ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால்தான் அன்றைய சோறு செரிக்கும். செல்வராணிக்கு முட்டிவலி. சுண்டலும் தண்ணீருமாக அவள் கீழே மரத்தடியில் உட்கார்ந்திருப்பாள். "எம் பொண்டாட்டிக்கு அடிவாரத்துலயே ஒரு பட்டா போட்டுக் குடுத்துடலாம்" என்று கூட வந்தவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். ஆரம்பத்தில் அவளும் சிரித்தாள். அப்புறம் நிறுத்திவிட்டாள்.

ஒரே மகள் ரோஸ்மேரி நர்சிங் முடித்து மடத்தில் சேர்ந்தவள். மடம் அவளைப் பொலிவியாவுக்கு அனுப்பியது. அங்கே வானத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு கிராமத்தில் ஆஸ்பத்திரி வேலை. வார்த்தைப்பாட்டுக்குப் பெற்றோரை வரவழைக்க மடமே டிக்கெட் அனுப்பியது. அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து செல்வராணி தரையில் நடக்கவில்லை. கல்யாணம் பார்க்கக் கொடுத்துவைக்காத தாய்க்கு அந்த வார்த்தைப்பாடுதானே கல்யாணம். பூசையில் எரிகிற மெழுகுவத்தியை மகள் கையில் கொடுக்க வேண்டியது தாய் என்று ரோஸ்மேரி சொன்னதும், சமையல்கட்டில் தனியாக நின்று கையை நீட்டி நீட்டிப் பார்த்தாள்.

ரோஸ்மேரி போனில் படித்துப் படித்துச் சொன்னாள். "நைனா, ஃப்ளைட்டு எறங்குற ஊரு நம்ம ஊரு மாதிரியே சூடு. கொசு ஜாஸ்தி. முழுக்கை சட்ட போடுங்க, காய்ச்சின தண்ணிதான் குடிக்கணும். கெளம்பறதுக்கு முன்னாடியே மஞ்சக் காய்ச்சல் ஊசி போட்டுக்கணும். அப்பறம் பாதி ஒசரத்துல எங்க மடம் ஒண்ணு இருக்குது. அங்க நாலஞ்சி நாளு தங்கி, மாத்திரைய போட்டுக்கினு, அப்பறம்தான் மேல வரணும். இங்க காத்து கம்மி."

ஊசியிலேயே வம்பு ஆரம்பித்தது. "மஞ்சக் காமாலைக்குக் கீழாநெல்லி இருக்குது. அதுக்கு எவனாவது மெட்ராசுக்குப் போயி ஊசி போடுவானா?" என்றார் தோமினிக். காமாலை வேறு, இந்தக் காய்ச்சல் வேறு, இது கொசுவால் வருகிறது என்று மகள் விளக்கியும் கேட்கவில்லை. ஊசி போடாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள் என்ற பிறகுதான் சட்டைக் கையை மடித்தார். விமானம் இறங்கிய ஊரில் கொசு மருந்தைச் செல்வராணிதான் சின்னப் பிள்ளைக்குப் பூசுவதுபோல் அவர் கையில் பூசிவிட்டாள்.

பாதி உயரத்து மடத்தில் ஒரு ராத்திரிதான் தங்கினார். மறுநாள் காலையில் மேலே போகிற ஜீப்பைப் பார்த்ததும் பெட்டியைத் தூக்கிவிட்டார்.

"பொண்ணு நாலு நாளு தங்கச் சொல்லியிருக்குதுங்க" என்றாள் செல்வராணி.

"ராஜகிரில நாலு நாளு தங்கியா ஏறுறோம்? நான் போறேன். நீ வேணும்னா இங்கியே குந்திக்கினு இரு."

ராஜகிரியின் உச்சிக்கும் அந்த ஊரின் தரைக்கும் உள்ள வித்தியாசத்தை யார் அந்த மனிதருக்குச் சொல்வது? அந்த ஊர்க்காரர்கள் பல் விளக்குகிற இடத்துக்குக்கூட நம் கோட்டை எட்டாது. மொழி தெரியாத ஊரில் புருஷனைத் தனியே விட முடியாமல் அவளும் ஏறினாள். அவள் மாத்திரையை வேளை தப்பாமல் போட்டாள். அவரும் போட்டேன் என்றார்.

மேலே போய்ச் சேர்ந்த அன்று மாலையே மடத்துப் பிள்ளைகளோடு பந்து விளையாட இறங்கிவிட்டார். விசில் ஊதி, குறுக்கே ஓடி, கோல் போட்டுக் காட்டினார். அந்தப் பிள்ளைகளுக்கு அந்தக் காற்று பிறந்ததிலிருந்து பழக்கம். இவருக்கு ஒரு நாள் பழக்கம்கூட இல்லை. அடுத்த நாள் தலைவலி. ரோஸ்மேரி கேட்டதற்கு, நன்றாக இருக்கிறேன் என்றார். அதற்கடுத்த நாள் இருமல். ஜீப்பில் பிடித்த சளி என்றார். செல்வராணிக்கும் தலை கனத்தது. அவள் மகளிடம் சொன்னாள், மகள் படுக்கச் சொன்னாள், படுத்தாள், தெளிந்தாள். சொல்வதற்கு என்ன கேடு?

வார்த்தைப்பாட்டு நாள் காலையில் தோமினிக் கட்டிலில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போட முயன்றுகொண்டிருந்தார். விரல் பொத்தானைத் தேடித் தேடித் தவறியது. உதடு நாவல்பழ நிறம். நெஞ்சுக்குள் சோற்றுப்பானை கொதிப்பதுபோல் சத்தம். அவள் சட்டையைச் சரிசெய்யப் போனபோது பையிலிருந்து மாத்திரை அட்டை விழுந்தது. ஒன்றுகூடக் கிழிக்கப்படவில்லை.

அந்த நிமிஷம் அவரை அறைய வேண்டும் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. மறைக்க என்ன இருக்கிறது. அப்புறம்தான் மகளைக் கூப்பிட ஓடினாள்.

வெள்ளை உடையில் வந்த ரோஸ்மேரி அவர் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். "நுரையீரல்ல தண்ணி கோத்துக்கிச்சு. இப்பவே கீழ எறக்கணும். பூச முடியறவரைக்கும் தாங்காது. நான் கூடப் போறேன்மா."

"நீ எங்கயும் வராத. போயி கோயில்ல நில்லு" என்றாள் செல்வராணி. ஆக்சிஜன் உருளையை ஒரு சிஸ்டர் ஜீப்பில் ஏற்றினார். செல்வராணி புருஷன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். கோயில் மணி அடிக்கும்போது ஜீப் முதல் வளைவில் இறங்கிக்கொண்டிருந்தது. வழி முழுக்க அவள் ஜெபம் பண்ணினாள் என்று யாராவது நினைத்தால் அது பொய். வழி முழுக்க அவரைத் திட்டினாள். திட்டிக்கொண்டே ஆக்சிஜன் குழாயை மூக்கில் பிடித்துக்கொண்டாள்.

இறங்க இறங்க அவர் முகத்தில் ரத்தம் வந்தது. சாயங்காலம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணைத் திறந்து, "சாப்ட எதுனா இருக்குதா?" என்றார்.

இரண்டு நாள் கழித்துச் செஞ்சியிலிருந்து பங்குக் கோயில் ஆள் ஒருவர் போன் பண்ணினார். செல்வராணி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். "இன்னாத்த சொல்றது? செல்வராணிக்கு மூச்சு முட்டிடுச்சு. பூசையக்கூட பாக்காம எறக்கிக்கினு வந்துட்டேன்" என்றார் தோமினிக். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். உயிர் தப்பிய மனுஷன், நாலு பேரிடம் கூச்சப்படுகிறார், போகட்டும் என்று அவள் விட்டாள். விட்டது தப்பு. ஊருக்கு வந்த பிறகு அந்தப் பொய்க்குக் கைகால் முளைத்தது. "பாவம் மாஸ்டரு, இந்தம்மாவால பொண்ணு வார்த்தப்பாட்ட பாக்காம வந்துட்டாரு" என்று அவள் காதுபடவே பேசினார்கள். அவர் தலையைத் தலையை ஆட்டிக்கொண்டு ஞாயிறுதோறும் ராஜகிரி ஏறினார்.

இந்த வருஷம் சேசுராஜ் வந்தார். கரண்ட் ஆபீசில் லைன்மேன். அவர் மகளும் அதே மடம், வார்த்தைப்பாடு அதே மலைக் கிராமத்தில். அடுத்த மாதம் அவரும் மனைவியும் கிளம்புகிறார்கள்.

"மாஸ்டர், நடுவுல ஒரு ஊர்ல தங்கணும், மாத்திர போடணும்னு பொண்ணு சொல்லுது. எனக்கு லீவு கம்மி. நேரா மேல போயிடலாமா?"

"தாராளமா போ. ராஜகிரி ஏறுற ஆளு நீ. மாத்திரையும் வேணாம், ஒண்ணும் வேணாம். பொம்பளைங்களுக்குத்தான் செட் ஆவாது. இவள பாத்தல்ல?"

உள்ளே டீ ஆற்றிக்கொண்டிருந்த செல்வராணி டம்ளரை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தாள். ஒரு வருஷம் அடைத்து வைத்தது ஒரேயடியாக வந்தது.

"சேசுராஜு, மூச்சு முட்டுனது எனக்கில்ல. இந்த மனுஷனுக்கு. மாத்திரைய பாக்கெட்ல வெச்சிக்கினு போட்டேன் போட்டேன்னு பொய் சொன்னாரு. வார்த்தப்பாட்டு அன்னிக்கு காலைல நுரையீரல்ல தண்ணி கோத்து, சட்டப் பொத்தான் போடத் தெரியாம குந்தினு இருந்தாரு. நான்தான் எறக்கினு வந்தேன்."

"ஏய், இன்னா பேசற? உள்ள போ" என்று தோமினிக் எழுந்தார்.

"போவமாட்டேன். என்னப்பத்தி ஊரெல்லாம் சொன்னீங்க, கேட்டுக்கினு இருந்தேன். இப்ப ஒரு உசுர அனுப்பப் பாக்கறீங்க. அங்க இவருக்கு எதுனா ஆச்சுன்னா இவரு பொண்டாட்டிக்கு நீங்களா பதில் சொல்லுவீங்க? நான் சொல்றது பொய்யின்னா அதோ சுரூபத்து மேல கைய வெச்சி சொல்லுங்க."

சுவரில் மாதா சுரூபம் இருந்தது. தோமினிக் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. சேசுராஜ் மாஸ்டரைப் பார்ப்பதா தரையைப் பார்ப்பதா என்று தெரியாமல் தவித்தார்.

"தங்கிட்டே போ, சேசு" என்றார் தோமினிக் கடைசியில். "மாத்திரைய விட்டுடாத. தல வலிச்சா மறைக்காத. எனக்குத்தான் முடியாம போச்சு."

சேசுராஜ் டீயைக் குடிக்காமலே கிளம்பினார். செல்வராணி வாசல் கதவைச் சாத்தினாள். நாலு பேருக்கு முன்னால் மானத்தை வாங்கிவிட்டாய் என்று ஆரம்பிப்பார், ஆரம்பிக்கட்டும், இன்றைக்கு ஒன்றுக்குப் பத்தாகக் கொடுக்கிறேன் என்று இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு நின்றாள்.

அவர் நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"அன்னிக்குக் கோயில்ல ரோஸ்மேரி அழுதாளா?" என்றார்.

"எனக்கு எப்டித் தெரியும்?" என்றாள் செல்வராணி. "நான் உங்ககூடல்ல இருந்தேன்."