ஆளில்லாத கடற்கரையில் செல்வி அக்காவின் தார்ப்பாய்

பொன்னேரியில பழவேற்காடு பஸ் ஏறி, ‘கட்டாயம் படிக்க வேண்டிய பயண வலைப்பதிவுகள்’னு ஒரு லிஸ்ட்டைப் பாத்துக்கினு வந்தேன்.

மூணாவது பதிவு எங்க லைட்ஹவுஸ் குப்பத்தைப் பத்தி. தலைப்பு: ‘ஆளே இல்லாத கடற்கரை.’

அங்கயே எனக்கு இடிச்சுது. என் வீட்டு வாசல்ல நின்னு கத்துனா அந்த எடத்துக்குக் கேக்கும்.

மார்க்கெட்ல மீன் வித்துட்டு வந்த செல்வி அக்கா பக்கத்து சீட்டு. போட்டோவைப் பெருசாக்கச் சொன்னாங்க. மூலையில நீலமா ஏதோ தெரிஞ்சுது.

“இன்னாடி இது, என் தார்ப்பாயி! கருவாடு காய வெச்சிக்கினு இருந்தேன். கேமராவோட வந்த ஒருத்தன் ‘அக்கா, கொஞ்சம் நவுந்துக்கங்க’ன்னான். கடலை போட்டோ புடிக்கிறான்னு நானும் நவுந்துக்கினேன். அப்பால என் ஊட்லதான் சோறு துன்னான். நெத்திலி வறுவல் ரெண்டு தபா கேட்டு வாங்குனான்.”

பதிவு முழுக்கத் தேடிட்டேன். நெத்திலியும் இல்ல, அக்காவும் இல்ல.

அக்கா மெதுவா கேட்டாங்க: “ஆள் இல்லாத எடம்னு எழுதி வெச்சா நாளைக்கு எவனாவது வேலி போட வருவான். அதுக்குன்னே எழுதினானா?”

எனக்கும் அதே சந்தேகம்தான். ‘நாங்க இங்கதான் இருக்கோம்’னு ரெண்டு பேர் பேரையும் போட்டு கமெண்ட் எழுதினேன்.

பஸ்ஸை விட்டு எறங்கறப்ப பாத்தா, ‘உங்கள் கருத்து அனுமதிக்காகக் காத்திருக்கிறது’ன்னு வந்திருக்கு.

எங்க ஊர்ல நாங்க இருக்கறதுக்கு அவன் அனுமதி குடுக்கணுமாம். உங்க யாருக்காவது அந்த கமெண்ட் தெரிஞ்சா சொல்லுங்க, அக்கா கேட்டுக்கினே இருக்காங்க.