மேடையில் நின்றவனுக்கு ஆப்சென்ட்

எங்கள் வீட்டுச் சமையலறையில், கடுகு டப்பாவுக்குப் பக்கத்தில், ஒரு பெரிய கறுப்பு டப்பா வந்து உட்கார்ந்து இரண்டு மாதமாகிறது. மகள் வாங்கி வைத்த புரோட்டீன் பவுடர். அவள் வேலூரில் ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். வேலை முடிந்ததும் ஜிம்முக்குப் போய்விட்டுத்தான் வீட்டுக்கு வருவாள். போன வாரம் அவள் இல்லாத நேரமாகப் பார்த்து டப்பாவைத் திறந்து முகர்ந்தேன். ஐஸ்கிரீம் வாசனை. உடம்புக்கு நல்லது செய்கிற எதுவும் இவ்வளவு நன்றாக மணந்து நான் பார்த்ததில்லை. லேபிளில் இருந்த பொடி எழுத்தையெல்லாம் கண்ணாடி போட்டுப் படித்தேன். ஒன்றும் புரியவில்லை. புரியாததால் சந்தேகம் இன்னும் கெட்டியானது.

மூடியைக் கோணலாகத் திருகிவிட்டேன் போல, வந்ததும் கண்டுபிடித்துவிட்டாள்.

"இன்னாப்பா, ரெய்டா?" என்று சிரித்தாள். "சரி, நீயே சொல்லு. பாடி பில்டிங் ஸ்போர்ட்டா, இல்லையா? கேன்டீன்ல இன்னிக்கு பெரிய சண்டை. எல்லாரும் இல்லன்றாங்க."

"எனக்கு இன்னாம்மா தெரியும்?" என்று பேப்பரை விரித்துக்கொண்டேன். சொன்னது பொய். அந்தக் கேள்விக்கு நான் ஒருமுறை பதில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

அப்போது இவள் ஒன்றாம் வகுப்பு. நான் ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் ஃபினிஷிங் செக்‌ஷனில் இருந்தேன். வெளியூர்க்காரர்கள் ரயில் ஆம்பூரைத் தாண்டும்வரை மூக்கைப் பொத்திக்கொள்வார்களே, அந்த வாசனை எங்கள் செக்‌ஷனில் கிடையாது. பெயின்ட் அடித்த புது வீடு மாதிரி மணக்கும். என் வேலை ஷேட் பார்ப்பது. சாயம் ஏற்றி வருகிற தோலை வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, வெளிநாட்டுக்காரன் அனுப்பிய மாதிரித் துண்டோடு ஒப்பிட்டு, சரி, சரியில்லை என்று சொல்ல வேண்டும். எதையும் லேசில் நம்பக் கூடாது என்பதுதான் அந்த வேலையின் பாலபாடம். அந்தப் புத்தி வேலையோடு நிற்கவில்லை. பால்காரர், பஸ் கண்டக்டர், சொந்த மச்சான் என்று எல்லாரையும் நான் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துத்தான் பார்ப்பேன். வீட்டில் எனக்கு சிஐடி என்றே பெயர்.

அதே தொழிற்சாலையில்தான் டில்லிபாபு இருந்தான். நாட்றம்பள்ளிப் பக்கம். காலை பஸ்ஸில் வருவான். ஊறிய தோலை டிரம்மிலிருந்து இழுத்து வண்டியில் போடும் வேலை. ஈரத் தோல் என்ன கனம் கனக்கும் என்று தூக்கியவனுக்குத்தான் தெரியும். அவன் துண்டை உதறுவதுபோல உதறிப் போடுவான். மத்தியானம் டிபன் டப்பாவைத் திறந்தால் பன்னிரண்டு அவித்த முட்டை. வெள்ளையை மட்டும் தின்றுவிட்டு மஞ்சள் கருவை எங்கள் தட்டுகளில் போடுவான். என் பங்கு நான்கு. நான்கையும் தின்றுகொண்டே அவனைச் சந்தேகப்படுவேன். உடம்பை ஏற்ற ஊசி போட்டுக்கொள்கிறானோ? ஒரு நாள் அவன் கை கழுவப் போன சமயம் பையைத் திறந்து பார்த்தேன். அவித்த சக்கரவள்ளிக் கிழங்கு, துண்டு, கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. வேறொன்றும் இல்லை. ஆனாலும் ஆம்பூரில் இருந்துகொண்டு மூன்று மாதமாகப் பிரியாணியைத் தொடாத ஒருவனை எப்படி நம்புவது, நீங்களே சொல்லுங்கள்.

அந்த வருஷம் அவனுக்கு பர்மனென்ட் ஆக வேண்டிய வருஷம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனதில் லீவெல்லாம் தீர்ந்திருந்தது. இன்னும் ஒரு நாள் ஆப்சென்ட் விழுந்தாலும் பட்டியலில் பெயர் வராது. அந்த நேரம் பார்த்து வேலூரில் ஆணழகன் போட்டி. வெள்ளி எடை பார்ப்பது, சனி மேடை. எங்கள் கம்பெனியில் விளையாட்டுப் போட்டிக்குப் போகிறவர்களுக்கு ஆன் டூட்டி உண்டு, வேலைக்கு வந்த நாளாகவே கணக்கு. அதைக் கேட்டு எழுதிக் கொடுத்தான். பர்சனல் ஆபீசர் என்னைக் கூப்பிட்டார். நான் கம்பெனி வாலிபால் டீமுக்கு மேனேஜர்.

"இதெல்லாம் விளையாட்டுல சேருமாங்க? நீங்களே சனிக்கிழமை போய்ப் பாத்துட்டு எழுதிக் குடுங்க. அவன் போறதுனா போகட்டும், அப்பறம் பாத்துக்கலாம்."

அந்த வாரமே டில்லி என்னிடம் வந்து, "ணா, நம்ம பிரவுன்ல ஒரு டப்பா கெடைக்குமா? மேடையில லைட்டுக்கு கலர் பூசணும். கடையில ஜாஸ்தி சொல்றான்" என்றான்.

"டேய், அது ஷூவுக்குடா! பூசனா ஒரு மாசம் போகாது" என்று விரட்டினேன். திருட வந்தானோ என்று அன்றைக்குச் சாயத் தொட்டியை இரண்டு தடவை போய்ப் பார்த்தேன்.

போட்டி ஒரு கல்யாண மண்டபத்தில். சமையற்கூடத்தில் ஆணழகர்கள் உடம்பு பூரா எண்ணெயோடு தண்டால் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் காலி சாம்பார் அண்டாவைத் தூக்கித் தூக்கி இறக்கினான். டில்லிக்கு உதடு வெடித்திருந்தது. முந்தின நாள் மத்தியானத்திலிருந்து பச்சைத் தண்ணீர் இல்லை. டீ வாங்கி வரட்டுமா என்றேன்.

"வேணாண்ணா. ஒரு வாய் குடிச்சாலும் வயித்துல கோடு போய்டும்."

கடையில் வாங்கிய சின்ன பாட்டிலையும் ஸ்பாஞ்சையும் நீட்டினான். "முதுகு எட்டல. உங்க கண்ணுக்குத் தப்பாது, நீங்க போடுங்கண்ணா." போட்டேன். இடது தோள்பட்டைக்குக் கீழே ஒரு திட்டு வெளிறித் தெரிந்தது. துடைத்து மறுபடி போட்டேன், அதையும் துடைத்து மூன்றாவது முறை. சும்மா சொல்லக் கூடாது, அன்றைக்கு மேடையேறிய முதுகுகளில் அதற்கு இணையாக ஒன்றில்லை. எனக்கே பெருமையாக இருந்தது.

மேடையில் ஒன்பது பேர். திரும்பு, கையைத் தூக்கு, அப்படியே நில். டில்லியின் ஆடுசதை இழுத்துக்கொண்டு வெடவெடவென்று ஆடியது. சிரிப்பு மட்டும் கலையவில்லை. நடுவர்கள் இவனைப் பார்ப்பதும் பக்கத்திலிருப்பவனைப் பார்ப்பதும் மறுபடி இவனைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். அட, இது என் ஜன்னலோர வேலையல்லவா என்று நினைத்தேன். நினைத்ததும் சந்தேகம் வந்துவிட்டது. கண்ணால் தீர்ப்புச் சொல்வது எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். சாப்பாட்டுக்கு முன்னால் தள்ளிவிட்ட ஷேட் சாப்பாட்டுக்குப் பின்னால் சரியாகப் படும். வாலிபாலில் பந்து கோட்டுக்கு உள்ளே விழும், இல்லையென்றால் வெளியே விழும். இங்கே கோடு எங்கே இருக்கிறது?

நான்காவது இடம். மூன்று பேருக்குத்தான் பரிசு. இறங்கி வந்தவனால் கையைத் தூக்க முடியவில்லை. நான்தான் சட்டை மாட்டிவிட்டேன். படியில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரை மூச்சுவிடாமல் குடித்தான்.

"ஆபீசர்கிட்ட நல்லபடியா எழுதுங்கண்ணா. உங்கள நம்பித்தான் வந்தேன்."

"பாத்துக்கலாம்டா" என்றேன்.

திங்கட்கிழமை ஆபீசர் பேப்பரைத் தள்ளி வைத்தார். "ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க. வருஷத்துக்கு ஆன் டூட்டி நாள் இவ்ளோதான்னு மேல சொல்லிட்டாங்க. இவனுக்குக் குடுத்தா உங்க டீமுக்குக் கம்மியாவும்."

எழுதினேன். 'நேரில் பார்த்தேன். இதில் ஓட்டம் இல்லை, பந்து இல்லை, எதிராளி இல்லை. இது உடலழகுக் காட்சி. விளையாட்டாகக் கருத இயலாது.' என் எழுத்து அழகாக இருக்கும். கோடு, பந்து என்று எனக்குள் பெரிய வாதமெல்லாம் நடத்தினேனே, எழுத வைத்தது அதில்லை. டீமுக்கு இரண்டு நாள் குறையும் என்பதுதான். ஊரையெல்லாம் சந்தேகப்பட்ட எனக்கு அன்றைக்கு என் பேனா மேல் சந்தேகம் வரவில்லை. போய்ப் பார்த்துவிட்டு வந்த எனக்கு அந்தச் சனிக்கிழமை ஆன் டூட்டி. மேடையில் நின்றவனுக்கு ஆப்சென்ட்.

பட்டியல் ஒட்டியபோது அவன் பெயர் இல்லை. அந்த மாதக் கடைசியில் கணக்கு முடித்துக்கொண்டு என் செக்‌ஷனுக்கு வந்தான். கதவை அடைத்துக்கொண்டு அந்த உடம்பு நின்றது. சண்டைக்குத்தான் வருகிறான் என்று மேஜைமேல் இருந்த பிளேடை எடுத்து டிராயரில் போட்டேன்.

"போய்ட்டு வர்றேண்ணா. நீங்க எழுதிக் குடுத்தும் அவங்க ஒத்துக்கலபோல. வுடுங்க, பரவால்ல. எனக்கோசரம் வேலூர் வரிக்கும் வந்தீங்க, முதுகுல கலர்லாம் போட்டு வுட்டீங்க. எங்கூடப் பொறந்தவன்கூட அப்டி செய்யல."

என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். குத்திக்காட்டுகிறானோ என்று முகத்தை உற்றுப் பார்த்தேன். பழகிய கண் எனக்கு, பொய் இருந்தால் தெரிந்திருக்கும். இல்லை. உண்மையைச் சொல்ல அந்த ஒரு நிமிஷம் போதும். வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. "நல்லா இருடா" என்றேன்.

அந்தத் தொழிற்சாலையை மூடி வருஷங்களாகிறது. இடத்தில் பாதி குடோன், பாதி பிளாட். வாலிபால் கோர்ட் இருந்த இடத்தில் லாரிகள் நிற்கின்றன. நான் எழுதிக் கொடுத்த தாள் ஆபீஸ் காகிதங்களோடு எடைக்குப் போயிருக்கும். ஆபீசரும் இப்போது இல்லை. நாட்றம்பள்ளியில் இரண்டு முறை இறங்கி விசாரித்தேன். பெங்களூரில் ஜிம் வைத்திருக்கிறான் என்றார் ஒருவர். இல்லை, ஓசூர்ப் பக்கம் செக்யூரிட்டி வேலை என்றார் இன்னொருவர். பழைய நம்பரில் வேறு யாரோ எடுக்கிறார்கள். எங்கேயோ ஒரு ஊரில், ஆம்பூரில் எனக்காக ஒரு அண்ணன் எழுதிக் கொடுத்தார் என்று அவன் இன்றைக்கும் யாரிடமாவது சொல்லிக்கொண்டிருப்பான்.