ஏகாம்பரத்தின் விறைப்பு

போன மாதம் இரண்டு வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணோம். ‘உடம்புக்கு என்ன?’ என்று விசாரித்துப் பலர் எழுதியிருந்தீர்கள். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. அடுத்த வீட்டு ஏகாம்பரத்துக்குத்தான்... சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

நான் ராயபுரத்தில் சயன்ஸ் வாத்தியார் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். ஒரு பதிப்பாளர் கேட்டுக்கொண்டதால், பள்ளிக்கூடத்துக்கு ஏற்ற மாதிரி ஒரு சின்ன பௌதிகப் புத்தகம் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் ‘ரிஜிடிட்டி’ என்று ஒரு சங்கதி வருகிறது. முறுக்கினாலும் அழுத்தினாலும் ஒரு பொருள் தன் வடிவத்தை விட்டுக்கொடுக்காமல் நிற்கிற குணம். ரப்பருக்குக் குறைவு. எஃகுக்கு அதிகம். இதற்குத் தமிழில் என்ன போடுவது?

‘விறைப்பு’ என்று எழுதினேன். கைப்பிரதியைத் திருத்தும் பண்டிதர் சிவப்பு மசியால் அடித்துவிட்டார்.

“கஞ்சி போட்ட சட்டையும் விறைப்பு, கர்வம் பிடித்தவனும் விறைப்பு, செத்த உடம்பும் விறைப்பு. சாஸ்திரத்தில் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான் இருக்கலாம், ஐயா!”

நியாயம்தானே? எதற்கும் இருக்கட்டும் என்று, பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டராக இருக்கும் என் பள்ளித் தோழனைக் கேட்டேன். வைத்தியத்தில் இதற்கு என்ன அர்த்தம்?

“எங்களுக்கு அது குணம் இல்லையப்பா, எச்சரிக்கை” என்றான். “வயிறு பலகை மாதிரி விறைத்தால் உள்ளே ஏதோ வெடித்திருக்கிறது. தாடையும் கழுத்தும் விறைத்தால்... அது இன்னும் மோசம்.”

இது ஒரு ஞாயிற்றுக்கிழமை. செவ்வாய்க்கிழமை காலையில் கன்னியம்மா வந்தாள்.

கன்னியம்மா ஏகாம்பரத்தின் மனைவி. மீன் விற்கிறவள். அவள் தெருவின் ஒரு முனையில் ‘வஞ்சிரம்’ என்று கூவினால் மறு முனையில் குழந்தை விழித்துக்கொள்ளும். ஏகாம்பரம் துறைமுகத்தில் மரம் இறக்குகிறவர். நல்ல மனிதர். ஆனால், ஒன்று சொல்லிவிட்டால் அவ்வளவுதான்... துறைமுகத்தையே நகர்த்தினாலும் நகர்த்தலாம், அவரை நகர்த்த முடியாது.

அன்று கூடை இல்லாமல் வந்து என் மனைவியிடம் புலம்பினாள்.

“இன்னாத்த சொல்றது போ! ரெண்டு நாளா ஒரே வெறைப்பா கீறாரும்மா. வாயே தொறக்கல.”

காரணம் உண்டு. கன்னியம்மாவின் தம்பிக்குக் கல்யாணம். அவன் நேரில் வந்து வெற்றிலைத் தட்டு வைத்து அழைக்காமல், யாரிடமோ சொல்லி அனுப்பிவிட்டான். ‘நான் வர மாட்டேன்’ என்று ஏகாம்பரம் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெரிய சண்டை. கடைசியில் அவர் பேச்சை நிறுத்தினார். அவளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “இந்த வாயி ஒரேயடியா மூடிக்கட்டும்!” என்று கத்தினாள். அது எங்கள் வீட்டுக்கே கேட்டது.

“சோறு போட்டா துண்ண மாட்டேன்றாரு. தண்ணி குட்தா தள்ளி வுடறாரு. இன்னான்னு கேட்டா பல்லைக் காட்டிக்கினு நக்கலா சிரிக்கிறாரு! கூப்ட்டா கழுத்தைக் கூடத் திருப்ப மாட்டேன்றாரு. அவ்ளோ வெறைப்பு!”

உள்ளே எழுதிக்கொண்டிருந்த எனக்குப் பேனா நின்றுவிட்டது. தாடை... கழுத்து...

நான் சட்டையைக்கூடச் சரியாக மாட்டாமல் அடுத்த வீட்டுக்கு ஓடினேன்.

ஏகாம்பரம் பாயில் படுத்திருந்தார். உதடு இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டு பல் தெரிந்தது. தூரத்தில் பார்த்தால் சிரிப்புதான். கண்ணைப் பார்த்தேன். அதில் சிரிப்பு இல்லை, பயம் இருந்தது. “வாயைத் திறங்க, ஏகாம்பரம்” என்றேன். முயன்றார். அரிசி நுழையும் அளவுகூடத் திறக்கவில்லை. தலைக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கினேன். கழுத்து மடியவில்லை. தலையோடு முதுகும் சேர்ந்து எழுந்தது!

இரண்டு நாளாக அந்த மனிதர் கோபித்துக்கொள்ளவே இல்லை. பேச முடியாமல் கிடந்திருக்கிறார்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு ஜட்கா வண்டி பிடித்தோம். வண்டி குலுங்கினால் உடம்பு வில்லாக வளைந்து இழுக்கும். ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று விசில் அடித்தபடி, எண்ண முடியாத பெட்டிகளை இழுத்துக்கொண்டு போயிற்று. அந்த விசிலுக்கு அவர் உடம்பு துள்ளிய துள்ளலை நான் மறக்க மாட்டேன். கன்னியம்மா அவர் தலையை மடியில் வைத்து, இரண்டு காதையும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

என் டாக்டர் தோழன் பார்த்த மாத்திரத்தில் கேட்டான்: “காலில் கையில் காயம் ஏதாவது பட்டதா?”

“பத்து நாளைக்கு மின்னாடி கால்ல ஆணி ஏறிச்சு சார். பொட்டிப் பலகைல இருந்த துரு புட்ச்ச ஆணி. மஞ்சா வெச்சுக் கட்னேன். ஆறிப்பூச்சே!”

“மேலேதான் ஆறியிருக்கிறது. இது தனுர்வாதம்” என்றான் அவன்.

விஷத்தை முறிக்கும் சீரம் ஊசி போட்டார்கள். இருட்டான ஓர் அறையில் படுக்க வைத்தார்கள். வெளிச்சம் கூடாது, சத்தம் கூடாது. ஒரு தட்டு கீழே விழுந்தால்கூட இழுப்பு வரும், மூச்சு நிற்கலாம். பிழைப்பாரா? “பத்து நாள் தாண்டட்டும்” என்றான் டாக்டர்.

தாழ்வாரத்தில் கன்னியம்மா என் பக்கத்தில் வந்து நின்றாள். அவளுக்கு அப்படி ஒரு மெல்லிய குரல் இருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

“வாத்தியாரே... நான் வாய வெச்சதுதானே?”

“ஆணி குத்தி எத்தனை நாள்?”

“பத்து.”

“நீ திட்டினது?”

“முந்தாநாளு.”

“எது முந்தி?”

யோசித்தாள். “அப்போ நான் திட்றதுக்கு மின்னாடியே அது உள்ள பூந்துகிச்சா?”

“ஆமாம், கன்னியம்மா.”

முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதாள். “இருந்தாலும் திட்டியிருக்க வாணாம்” என்றாள் கடைசியில்.

அதற்கப்புறம் அவள் இருந்த இருப்பைப் பார்க்க வேண்டுமே! சத்தம் வரக்கூடாதென்று கொலுசைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். நர்ஸ் கண்ணாடி வளையலையும் கழற்றச் சொன்னபோது மட்டும் மறுத்துவிட்டாள். கெஞ்சினாலும் மிரட்டினாலும் கேட்கவில்லை. புருஷன் உயிருக்குப் போராடும்போது எந்த மனைவி வளையலைக் கழற்றுவாள்? பழைய புடவையைக் கிழித்து, ஒவ்வொரு வளையலுக்கும் துணி சுற்றினாள். நர்ஸ் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, மிச்சத் துணியைக் கிழித்துக் கொடுத்தாள்.

பள்ளிக்கூடம் விட்டதும் நான் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போவேன். வாசல்படி ஓரத்தில் உட்கார்ந்திருப்பாள். பேச மாட்டாள். பிழைத்திருக்கிறார் என்றால் தலையை மட்டும் அசைப்பாள். ஆறாம் நாள் தலை அசையவில்லை... கிட்டே ஓடினேன். அப்புறம்தான் தெரிந்தது, உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தாள். இந்த நிலையில் நான் உங்களுக்குப் பத்தி எழுதவா?

பத்து நாள் தாண்டியது. இழுப்பு குறைந்தது. பதினெட்டாம் நாள் தாடை ஒரு விரற்கடை திறந்தது. கரண்டியால் கஞ்சி விட்டாள். இரண்டு வாய் விழுங்கிவிட்டு, ஏகாம்பரம் தேய்ந்த குரலில் கேட்டார்:

“கல்யாணம் ஆயிட்ச்சா?”

“ஆயிட்ச்சு.”

“நீ போவலியா?”

“உன்ன இங்க வுட்டுட்டு நான் எங்கய்யா போறது?”

அவர் இன்னும் ஒரு வாய் கஞ்சி விழுங்கினார். நானும் அங்கேதான் இருந்தேன். பிறகு சொன்னார்:

“மச்சானை வூட்டாண்ட வரச் சொல்லு. பொண்ணையும் இட்டாரட்டும். விருந்து போடலாம்.”

பௌதிகத்தில் ஒரு விஷயம் உண்டு. அறவே வளையாத பொருள் என்று எழுதுகிறோமே, அப்படி ஒன்று உலகத்தில் கிடையாது. கணக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று நாம் வைத்துக்கொள்ளும் கற்பனை அது. எஃகும் ஒரு மயிரிழை வளையத்தான் செய்கிறது. வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அந்தக் கட்டிலண்டைதான் எனக்கே அது புரிந்தது.

பண்டிதரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கன்னியம்மாவை ஏமாற்றியதும் அந்தச் சொல்தான், என்னை ஓட வைத்ததும் அதே சொல்தான். அவள் சுத்தமாக ‘கோபம்’ என்று மட்டும் சொல்லியிருந்தால் நான் எழுந்திருப்பேனா? பண்டிதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சரி, ‘விறைப்பு’ என்றே இருந்துவிட்டுப் போகட்டும்” என்றார். பிறகு, “அவர் இப்போது நடக்கிறாரா?” என்று விசாரித்தார்.

நடக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை விருந்தும் நடந்தது. எங்களுக்கும் இலை போட்டார்கள். ஏகாம்பரத்துக்குக் கால் மட்டும் இன்னும் சரியாக மடங்கவில்லை. பந்தியில் சம்மணம் போட்டு உட்கார முடியாது. என்ன செய்வது? பிறந்ததிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர்கூட எடுத்து வைத்தறியாத மனிதர், குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு பரிமாறக் கிளம்பிவிட்டார். மச்சான் இலைக்கு இரண்டு துண்டு மீன் அதிகம்.

“கால் இன்னும் ஒரு மாதத்தில் சரியாகிவிடுமாம், டாக்டர் சொன்னான்” என்றேன் கன்னியம்மாவிடம்.

“அவசரமில்ல வாத்தியாரே” என்றாள் அவள். “தீவாளி விருந்து முடியட்டும்.”