தேசிக்காய் அளவில் ஒரு கல்வாரி

திறந்தால்தான் தெரிகிற வேலை என்று உலகத்தில் இரண்டு உண்டு: ஒன்று வயிற்று ஒப்பரேசன், மற்றது என் தொழில். உள்ளங்கைக்குள் அடங்குகிற தேசிக்காய் அளவு முதிரை மர உருண்டையை இரண்டாகப் பிளந்து, பிணைச்சல் போட்டு, உள்ளே கல்வாரி மலை முழுவதையும் செதுக்குகிறேன். சிலுவையில் ஆண்டவர், கீழே மாதா, அழுகிற பெண்கள், குதிரையில் ஈட்டிக்காரன்; எல்லாரும் அரிசி அளவு. ஐந்நூறு வருஷத்துக்கு முன் ஒல்லாந்துப் பக்கத்துப் பணக்காரர் செபமாலையில் கோத்து வைத்துச் செபித்த சாமான் இது. படங்களைப் பார்த்து நானாகப் பழகினேன். பூதக்கண்ணாடியும் கழுத்து நோவுமாகச் சீவிக்கிற வாசகர்களே, உங்களுக்கு என் கதை விளங்கும்.

என் மனைவி பிலோமினா போன ஆவணியில், கிறிஸ்து பிறப்பு வரைக்கும் என்று தவணை வைத்துவிட்டாள். "வாங்கின ஆக்களிலை ஒராளாவது உள்ளுக்கை வடிவாப் பார்த்திருந்தால் நான் வாய் திறக்க மாட்டன். இல்லாட்டி நத்தாரோடை இதை விட்டுட்டு, சீனன்குடாவிலை அண்ணை பார்த்து வைச்ச காவல் வேலைக்குப் போங்கோ."

துறைமுக வாசலில்

வெளிநாட்டுக் கப்பல் அதிகாரி ஒருவர் கூப்பிட்டார் என்று இரண்டு உருண்டைகளோடு போனேன். அவர் ஒன்றை வாங்கி, திறக்காமலே திறப்புக்கோர்வையில் சாவிகளோடு சாவியாக மாட்டிக்கொண்டார். மற்றதோடு திரும்பும்போது வாசலில் கிண்ணியா ஊர்க் காவலாளி மறித்தார். காதருகே வைத்துக் குலுக்கினார். பிறகு திறந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இத்தின பேர் உள்ளுக்கு நிக்கிறாங்க, நீங்க ஒராளுக்குத்தானே பாஸ் எடுத்திருக்கீங்க?"

ஊதின மூடி

உப்புவெளியில் விடுதி நடத்துகிற ரவி ஒன்று வாங்கினான். கச்சான் காற்று காய்ச்சுகிற வெயில் நாளில் செய்தது; மூடியை இறுக்கமாகப் பொருத்திவிட்டேன். இந்த ஊர்க்காரன் செய்யக் கூடாத பிழை. ஐப்பசி மழைக்கு மரம் ஊதி, இரண்டு பாதியும் ஒன்றாக இறுகிவிட்டன. இரண்டு மாதம் குனிந்திருந்து செதுக்கிய பெண்களைப் பற்றி ரவி தொலைபேசியில் ஆறுதல் சொன்னான்:

"தேங்காய்க் கத்தியாலை நெம்பினனான் அண்ணை. மாதாவுக்கு ஒண்டுமில்லை, பக்கத்திலை அழுதுகொண்டு நிண்ட பொம்பிளையள்தான் கொட்டுண்டு போச்சினம்."

திரேசக்கா

வாங்கினவர்களில் மிஞ்சியது எங்கள் தெருத் திரேசக்கா. அவருடைய புருஷன் கடலுக்குப் போய், படகு மட்டும் திரும்பி வந்தது தெருவுக்கே தெரியும். நத்தாருக்கு முதல்நாள் பலகாரம் கொடுக்கப் போனேன். வீட்டுப் பீடத்தில், மெழுகுதிரிக்குப் பக்கத்தில் என் உருண்டை இருந்தது. நாள்தோறும் துடைத்த பளபளப்பு. இவராவது பார்த்திருப்பார் என்று நம்பினேன். "உள்ளுக்கை எப்பிடியக்கா இருக்கு?" என்று கேட்டேன். உருண்டையைக் கையில் எடுத்து, சேலைத் தலைப்பால் ஒருதரம் துடைத்தார்.

"இன்னும் திறக்கேல்லைத் தம்பி. அவர் வந்தாப் பிறகு ரெண்டு பேருமாத் திறந்து பார்ப்பம் எண்டு வைச்சிருக்கிறன்."

பலகாரத் தட்டை அவர் கையில் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து சீனன்குடாக் காவலுக்கு ஓம் என்று சொல்லிவிட்டேன், பூட்டின வாசலுக்கு முன்னால் நிற்கிற வேலைதானே, அதில் எனக்கு அனுபவம் போதும்.