மல்லித் தூளும் ‘மிக்ஸ்’ என்ற சொல்லும்

இந்த ஊரில் முகர்ந்து பார்ப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்று எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். சிராங்கூன் ரோட்டுக் கடைகளுக்கு மசாலாத் தூள் அரைத்துக் கொடுக்கும் சின்ன ஆலையில் அதுதான் என் வேலை. முதலாளி டான் ஒரு சீனர். நான் முகர்ந்து தலையாட்டினால்தான் தூள் பொட்டலத்துக்குப் போகும். தமிழன் மூக்கு தப்பாது என்று அவருக்கு அப்படியொரு நம்பிக்கை. எனக்கோ யார் மேலும் நம்பிக்கை கிடையாது. திண்டுக்கல்லில் அப்பாவின் மளிகைக் கடையில் வளர்ந்தவன் நான். எந்த வியாபாரி மல்லித் தூளில் எதைக் கலப்பான் என்பது எனக்கு நடக்கப் பழகும்போதே தெரியும்.

அரசாங்கம் ஆற்றைச் சுத்தம் செய்துகொண்டிருந்த காலம். அதுவரை மல்லியைப் புடைத்ததும் விழும் உமியும் குச்சியும் பின்பக்கக் கால்வாய்க்குத்தான் போயின. ஒரு நாள் பார்த்தால் உமி மூட்டைகள் ஆலைக்குள்ளேயே அடுக்கியிருந்தன. ஏன் என்று கேட்டேன். டான் முகமெல்லாம் சிரிப்பாக, “பிஃபோர், ஆல் த்ரோ. நவ் ஆல் மிக்ஸ் லா! நோ வேஸ்ட்!” என்றார்.

உமியைத் தூளிலா கலக்கப் போகிறார்? நம் ஊரில் இதற்குக் கலப்படம் என்று பெயர்; அதையும் ஒளிவுமறைவாகத்தான் செய்வார்கள். ஆங் மோ கியோவில் எங்கள் மாதா கோவிலுக்கு வரும் பெண்கள் என் பேச்சை நம்பித்தான் இந்தத் தூளை வாங்குகிறார்கள். இனி அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

“மிக்ஸ் கேனாட், பாஸ். மை நேம் ஸ்பாயில்,” என்றேன்.

“வை கேனாட்? கவர்ன்மென்ட் ஆல்சோ லைக்!”

கடைசியில் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் காட்டினார். உமியை மரத்தூளோடு கலந்து, அழுத்திக் கட்டியாக்க ஒரு மிஷின். அந்தக் கட்டியை எரித்துத்தான் இனி மல்லியை உலர்த்தப் போகிறாராம். டீசல் மிச்சம், கால்வாயும் சுத்தம். நல்ல யோசனைதான், மறுக்கவில்லை. ஆனால் அத்தனை மூட்டை உமிக்கு இந்தக் கொஞ்சக் கட்டிதானா? மீதி உமி தூளுக்குள் போகாது என்று யார் கண்டது? போதாததற்கு மரத்தூளை வேறு உள்ளே கொண்டுவந்துவிட்டாரே! அன்றிலிருந்து எதையும் இரண்டு தடவை முகர்ந்தேன்.

விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது எங்கள் ஆலைத் தூளை அக்காவுக்குக் கொண்டுபோனேன். வாங்கியவள் ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை தூவினாள். உமியோ மரத்தூளோ இருந்தால் மிதக்கும். டானுக்காக மாதாவை வேண்டிக்கொண்டேன் என்றால் நம்புவீர்களா? தூள் மெல்ல மெல்ல முழுவதும் அடியில் இறங்கியது.

“பரவால்லடா. உங்க ஊர் தூள் சுத்தமாத்தான் இருக்கு,” என்றாள் அக்கா. சொல்லிவிட்டு, குழம்புக்குத் தன் டப்பாவைத் திறந்தாள்.

உங்க ஊராம்! எனக்குச் சுருக்கென்றது.

“அது எங்க வாங்குனது?” என்று கேட்டேன்.

“நம்ம ஊர் கடையிலதான்டா. இதுல என்ன சந்தேகம்?”

இன்னொரு டம்ளரில் தண்ணீர் மொண்டு, அவள் தூளையும் ஒரு சிட்டிகை தூவினேன். இரண்டு டம்ளரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இது மிதக்க வேண்டும் என்று நினைக்கிறேனா, மிதக்கக் கூடாது என்று நினைக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை.